ஒருநாள் தொடரும் ஊர்காவற்றுறைத் தொடரும்

2024 ஆகஸ்ட் 2-ஆம் தேதி கொழும்பு பிரேமதாச அரங்கில் முதல் ஒருநாள் ஆட்டத்துக்கு இறங்கிய இந்திய வீரர்கள் அத்தனை பேரும் கையில் கறுப்புப் பட்டை கட்டியிருந்தார்கள். எங்கள் காரைக்கால் கடற்கரையில் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தவர்களில் யாருக்காவது அதைக் கண்டு தொண்டை அடைத்திருந்தால், அவர்களை வெள்ளந்தி என்று சிரிக்க வேண்டாம். முந்தின நாள், ஆகஸ்ட் 1 அதிகாலையில்தான் கச்சத்தீவுக்கு வடக்கே ஐந்து கடல் மைல் தொலைவில் இலங்கைக் கடற்படைக் கப்பலும் ராமேஸ்வரத்து மீன்பிடிப் படகும் மோதின. படகில் நாலு பேர். ஒருவர் செத்தார், ஒருவரைக் காணவில்லை, இரண்டு பேரைக் கரையேற்றிக் காங்கேசன்துறைக்குக் கொண்டுபோனார்கள். டெல்லியில் வெளியுறவு அமைச்சகம் அதிர்ச்சி தெரிவித்து, இலங்கையின் பொறுப்புத் தூதரைக் கூப்பிட்டுக் கண்டித்தது. மறுநாள் அதே நாட்டின் தலைநகரில், மார்பில் ‘இந்தியா’ என்று எழுதிய சட்டையோடு பதினொரு பேர் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு நின்றால் மனசு ஒரு கணக்குப் போடாதா?

கணக்கு தப்பு. பட்டை, ஜூலை 31-ஆம் தேதி காலமான அன்ஷுமன் கெய்க்வாட்டுக்கு. 1976-ல் கிங்ஸ்டனில் வேகப்பந்தைக் காதில் வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போன மனிதர், பிறகு இந்திய அணிக்கே பயிற்சியாளராக இருந்தவர். அவருக்குக் கட்டாமல் யாருக்குக் கட்டுவது? கட்டியது சரி. நான் கேட்பது வேறு. கட்டிய பட்டையை அவிழ்க்கச் சொல்லவில்லை, இன்னொரு முழம் துணி கிழிக்கவும் சொல்லவில்லை. டாஸ் போட வந்த இடத்தில், மைக்கைப் பிடித்து, “நேற்று எங்கள் நாட்டு மீனவர் ஒருவர் இந்தக் கடலில் செத்துப்போனார், அவரையும் நினைத்துக்கொள்கிறோம்” என்று ஒரே ஒரு வாக்கியம். இந்தி, இங்கிலீஷ், எந்தப் பாஷையிலும் பத்து விநாடிதான் ஆகும். பவுண்டரிக் கோட்டைச் சுற்றி ஓடும் விளம்பரப் பலகையில் ஒரு பான்மசாலாவுக்குக் கிடைக்கிற நேரம்.

கிடைக்கவில்லை. விளையாட்டையும் அரசியலையும் கலக்கக் கூடாதாம். கடலில் சாவது அரசியல் என்று யார் எப்போது முடிவு கட்டினார்கள் என்றுதான் தெரியவில்லை.

அந்தத் தொடரில் நடந்ததை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? முதல் ஆட்டத்தில் 15 பந்து மிச்சம், இரண்டு விக்கெட் கையில், ஒரே ஒரு ரன் வேண்டும். அசலங்கா அடுத்தடுத்த பந்தில் இரண்டு பேரை அனுப்பிவிட்டார். 230-க்கு 230, சமம். இரண்டாவது ஆட்டத்தில் வாண்டர்சே 33 ரன்னுக்கு 6 விக்கெட். மூன்றாவதில் 138-க்குச் சுருண்டு 110 ரன் வித்தியாசத்தில் தோல்வி. 1997-க்குப் பிறகு இரு நாட்டு ஒருநாள் தொடரில் இலங்கையிடம் தோற்றது அதுதான் முதல் தடவை. மூன்று ஆட்டத்திலும் சேர்த்து 27 விக்கெட்டைச் சுழலுக்குக் கொடுத்தோம் என்று நாடே விரல் விட்டு எண்ணியது. கால் நகரவில்லை, மணிக்கட்டு இறுகிவிட்டது, ஸ்வீப் மறந்துவிட்டது, புதுப் பயிற்சியாளர் கம்பீர் வந்த வேளை சரியில்லை என்று ராத்திரி பதினொன்று வரை வட்டமேசை போட்டு ஆராய்ந்தார்கள். நானும் ஆராய்ந்தேன். எனக்கும் மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

அதே 2024-ல் இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போன இந்திய மீனவர்கள் ஐந்நூறு பேருக்கு மேல். இதற்கு எந்த மேசையும் வட்டமாகவில்லை. 27 என்றால் தேசிய அவமானம், ஐந்நூறு என்றால் வட்டாரச் செய்தி. எட்டாம் பக்கத்தில், கீழே, நகைக்கடை விளம்பரத்துக்குப் பக்கத்தில்.

எங்களுக்கும் இலங்கைச் சுற்றுப்பயணம் உண்டு என்பதை வெளியூர் ரசிகர்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். நான்கு பக்கமும் தமிழ்நாடும் கடலுமாகச் சூழ, சுமார் 160 சதுர கிலோமீட்டரில் நாங்கள் ஒரு தனித் துண்டு. பெயருக்குப் புதுச்சேரி, அந்தப் புதுச்சேரியோ 130 கிலோமீட்டருக்கு அப்பால். கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, காசாக்குடிமேடு, பட்டினச்சேரி, மண்டபத்தூர் என்று கரையோரம் வரிசையாக மீனவக் கிராமங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது எங்கள் ஓய்வுக் காலம், ‘ஒப்பந்த வீரர்களின் பணிச்சுமை மேலாண்மை’ என்று வாரியம் சொல்லுமே, அது. ஒப்பந்தம்தான் கிடையாது. தடை முடிந்த இரவு அரசலாற்று முகத்துவாரத்தில் விசைப்படகுகள் ஒன்றோடொன்று உரச நிற்கும். ஐஸ் பாளங்களை உடைத்து உள்ளே கொட்டுகிற சத்தம், டீசல் வாடை, வலையை மடித்து வைக்கிறவனின் வாயில் பீடி, எவனோ மறந்துவிட்டு ஓடிப்போய் வாங்கி வரும் பச்சைமிளகாய். அரிசி, தண்ணீர், சாமிக்கு ஒரு சூடம். தேர்வுக்குழு கூடுவதில்லை. வயிறுதான் தேர்வுக்குழு.

சுற்றுப்பயண விதிகளைச் சொல்லிவிடுகிறேன். மைதானத்துக்குக் கோடு, அதாவது கடல் எல்லை, 1974-லும் 1976-லும் போட்டார்கள். போட்டவர்கள் யாரும் ஆட வருவதில்லை, ஆடுகிறவனை யாரும் கேட்கவில்லை. கோடு தண்ணீரில் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. ஜி.பி.எஸ். கருவிக்குத் தெரியும், மீனுக்குத் தெரியாது. நடுவர், எதிரணி, மூன்றாம் நடுவர் எல்லாம் ஒரே ஆள், அவர் கையில் துப்பாக்கியும் இருக்கும். மறு ஆய்வு கேட்க வேண்டுமானால் ஊர்காவற்றுறையிலோ பருத்தித்துறையிலோ நீதிபதி முன் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அணித் தங்குமிடம், யாழ்ப்பாணச் சிறைச்சாலை. முதல் தடவை என்றால் ஒத்திவைத்த தண்டனையோடு ஊருக்கு அனுப்பிவைப்பார்கள். அடுத்த தடவை மாட்டினால் பழைய பாக்கியும் சேர்த்து உள்ளே. 2018-ல் சட்டத்தைத் திருத்தி, வெளிநாட்டுப் படகுக்கு அபராதம் அதன் நீளத்தைப் பொறுத்து இலங்கைப் பணத்தில் 17.5 கோடி வரை போகலாம் என்று ஆக்கினார்கள். கோலி அவுட் ஆனால் மட்டையைப் பிடுங்கிக்கொள்வதில்லை. எங்களுக்குப் படகே போய்விடும். மயிலிட்டித் துறைமுகத்தில் போய்ப் பாருங்கள், நம் படகுகள் பெயிண்ட் உரிந்து, பலகை விரிந்து மக்கிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் இங்கே ஒரு வட்டிக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

இனி 2025 ஜனவரி 28.

அன்றைக்கு அதிகாலை நெடுந்தீவுக்கு அருகே, காரைக்கால் கிளிஞ்சல்மேட்டுப் படகை இலங்கைக் கடற்படை மறித்தது. படகில் 13 பேர், எங்கள் ஊர்க்காரர்களும் பக்கத்து மாவட்டத்துக்காரர்களும். சுட்டார்கள். இரண்டு பேருக்குப் பலத்த காயம், மூன்று பேருக்குச் சிறு காயம். காயம்பட்டவர்களை யாழ்ப்பாணப் போதனா மருத்துவமனையில் சேர்த்தார்கள். துப்பாக்கியைப் பறிக்க வந்தார்கள், தவறுதலாக வெடித்துவிட்டது என்றது கடற்படை. நள்ளிரவு தாண்டி, நடுக்கடலில், வலை இழுத்துக் களைத்த ஆள் ஆயுதக் கப்பல்காரனின் துப்பாக்கியைப் பறிக்கப் பாய்ந்தானாம். அவ்வளவு தெம்பு இருந்தால் அவன் எதற்கு மீன் பிடிக்கிறான், நேராக ஒலிம்பிக்குக்கே போயிருப்பானே. டெல்லியில் மறுபடியும் பொறுப்புத் தூதரைக் கூப்பிட்டார்கள். மறுபடியும் கண்டித்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டுத் திட்டு வாங்குவதற்கென்றே அந்தப் பதவியை வைத்திருக்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

அன்று ராத்திரி ராஜ்கோட்டில் இங்கிலாந்தோடு டி20. நம்ம வருண் சக்கரவர்த்தி 24 ரன் கொடுத்து 5 விக்கெட். ஆட்டம் தோல்விதான், ஆனாலும் தமிழன் பெயர் சொன்னானே. துறைமுகம் போகும் சாலையில் ஒரு டீக்கடை, டி.வி.யை அணைக்கக் கடைக்காரருக்கும் மனசில்லை, சத்தம் வைக்கவும் மனசில்லை. படம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடப் பையன் ஒருவன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சந்தோஷம் தாங்காமல் கத்தினான்:

“மாமா, வருணு அஞ்சு விக்கெட்டு!”

பெஞ்சியில் இருந்தவர் திரும்பாமலே கேட்டார்: “நம்ம படகுல எத்தினி பேருக்குடா அடி?”

பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அஞ்சு பேருக்கு, மாமா” என்றான். அதற்குப் பிறகு அவன் கடைக்குள் வரவில்லை.

டெல்லி, ராஜ்கோட் எல்லாம் தூரம். ஊருக்குள் வருவோம். எங்கள் வழக்கை யாரிடம் கொண்டுபோவது என்பதே ஒரு தனி நாடகம். ஒரே படகில் ஒருவன் நாகப்பட்டினத்துக்காரன், பக்கத்தில் வலை பிடிப்பவன் காரைக்கால்காரன். பிடிபட்ட மறுநாள் சென்னையிலிருந்து முதலமைச்சர் கடிதம் எழுதுவார். புதுச்சேரியிலிருந்து இன்னொரு முதலமைச்சர் இன்னொரு கடிதம் எழுதுவார். ஒரு படகு, ஒரு வலை, ஒரு குண்டு. அரசு இரண்டு, கோப்பு இரண்டு, நிவாரணக் கணக்கும் தனித்தனி. சென்னைக் கடிதத்துக்காவது 39 எம்.பி.க்கள் பின்னால் நிற்கிறார்கள். எங்களுக்குப் புதுச்சேரி, மாஹே, ஏனாம் எல்லாம் சேர்த்து ஒரே எம்.பி. சட்டமன்றத்தில் காரைக்காலுக்கு ஐந்து தொகுதி. கடலில் கோடு எங்கே என்று தெரியாத ஐந்து பேரைக்கூட நாம் அனுப்பியதுண்டு, அதை விடுங்கள்.

இதைவிட ருசியான விஷயம் ஒன்று. புதுச்சேரி யூனியன் பிரதேசம். துணைநிலை ஆளுநரில் தொடங்கி எல்லாக் கயிறும் போய் முடிகிற இடம் டெல்லியில் உள்துறை அமைச்சகம். ஆக, காரைக்கால் மீனவனுக்கு உள்துறை அமைச்சர் அமித் ஷாதான் கடைசி வாசல். கொழும்பில் கறுப்புப் பட்டை கட்டிய அந்த ஆகஸ்டில் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் செயலாளர் யார்? அவருடைய மகன் ஜெய் ஷா. மாதம் முடிவதற்குள், 27-ஆம் தேதி, உலகக் கிரிக்கெட்டுக்கே தலைவராகத் தேர்வாகிவிட்டார். ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டு மேசையில், ஒரு பக்கம் காரைக்கால், மறு பக்கம் கொழும்புத் தொடர். இந்த நாட்டில் வேறு எந்த மீனவனுக்கும் இவ்வளவு சுருக்கு வழி வாய்த்ததில்லை. “அப்பா, அந்தப் படகு விஷயம் என்ன ஆச்சு?” என்று மகன் ஒரு ராத்திரி கேட்டிருந்தால் போதும். கேட்டாரோ என்னவோ, பருப்பு நன்றாக இருந்திருக்கும், மறந்திருக்கும்.

1954 நவம்பர் 1 வரை எங்களை ஆண்டது பிரான்ஸ். இன்றும் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள் ஊரில் இருக்கிறார்கள், அந்த நாட்டு அதிபர் தேர்தலில் ஓட்டும் போடுகிறார்கள். அவர்களில் ஒருவர் ஆசைக்கு ஒரு நாள் படகில் ஏறிப் போய் நெடுந்தீவில் மாட்டிக்கொண்டால் பாரிஸிலிருந்து போன் வருமா என்று சோதித்துப் பார்க்கலாம். வயசானவர்கள், பாவம், விட்டுவிடுவோம்.

கிரிக்கெட்டை ஆயுதமாக்க இந்த நாட்டுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. பாகிஸ்தானோடு 2013 ஜனவரிக்குப் பிறகு இரு நாட்டுத் தொடரே கிடையாது. எல்லையில் ரத்தம் சிந்தினால் மட்டையைத் தொட மாட்டோம்; இது கொள்கை. உலகக் கோப்பை, ஆசியக் கோப்பை என்று பணம் கொழிக்கும் இடத்தில் மட்டும் கொள்கை கொஞ்சம் ஓரமாக உட்கார்ந்துகொள்ளும். 2025 செப்டம்பரில் துபாயில் ஆடினோம், ஜெயித்தோம், ஆனால் கை கொடுக்கவில்லை, என்ன வீரம்! கை கொடுக்க மறுப்பதுதான் வெளியுறவுக் கொள்கை என்றால், நெடுந்தீவுக்குப் பக்கத்தில் சிந்திய ரத்தம் என்ன குரூப்? வடக்கு எல்லை மண்ணால் ஆனது, தெற்கு எல்லை தண்ணீரால் ஆனது. தண்ணீரில் ரத்தம் சீக்கிரம் கரைந்துவிடும் என்று யாராவது விஞ்ஞானி சொல்லியிருப்பார்.

டெல்லியை மட்டும் திட்டிவிட்டு நிறுத்தினால் நான் யோக்கியன் இல்லை. தமிழ்நாட்டு வீரத்தைப் பார்த்தீர்களா? 2013 மார்ச்சில் சென்னையில் ஐ.பி.எல். ஆட்டங்களில் இலங்கை வீரர்கள் இறங்கக் கூடாது என்று முதலமைச்சர் ஜெயலலிதா பிரதமருக்கு எழுதினார்; ஐ.பி.எல். நிர்வாகமும் அப்படியே செய்தது. 2009-ல் முடிந்த போரில் செத்துப்போன தமிழர்களுக்கான நீதியை சேப்பாக்கம் மைதானத்தின் வாசலில் நிலைநாட்டினார்கள். அந்தத் தடையில் யார் மாட்டினார்? முரளிதரன். கண்டித் தமிழர், சென்னையில் பெண் எடுத்தவர். தமிழருக்காக வெகுண்டெழுந்து ஒரு தமிழனை மாமியார் ஊரில் பந்து போட விடாமல் செய்தோம். சுட்டவன், சுடச் சொன்னவன் யாருக்கும் அன்று ஒரு ஓவரும் குறையவில்லை.

2022-ல் இலங்கை வீரர் தீக்‌ஷனாவை ஏலத்தில் எடுத்ததற்காகச் சென்னை அணியைப் புறக்கணியுங்கள் என்று இணையத்தில் ஒரு புயல் கிளம்பியது. இரண்டொரு நாளில் கரையைக் கடந்தது. அப்புறம் பதிரனா வந்தார். மலிங்காவைப் போல் கையைச் சுழற்றி ஸ்டம்பைப் பெயர்த்தார். 13 கோடி கொடுத்துத் தக்கவைத்தபோது விசில் வானத்தைப் பிளந்தது. நான் குற்றம் சொல்லவில்லை, பையன் நன்றாகத்தான் போடுகிறான். அந்தப் பையன் எவனையும் சுடவில்லை; முரளியும் சுடவில்லை. நம் கோபத்துக்கு எப்போதும் ஆளைத்தான் தேடுகிறோம், அதுவும் கையில் பந்து வைத்திருக்கிற ஆளை. துப்பாக்கி வைத்திருக்கிற ஆளைப் பார்த்தால் கடிதம் எழுதுகிறோம்.

சனிபகவானைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏழரைச் சனி விலக இந்தியா முழுவதிலிருந்தும் திருநள்ளாற்றுக்கு வருகிறார்கள். அது எங்கள் மாவட்டம்தான். மந்திரிகள் வருகிறார்கள், நளதீர்த்தத்தில் முழுகுகிறார்கள், போகிறார்கள். அங்கிருந்து கடற்கரைக்குக் காரில் அரை மணி நேரம்கூட ஆகாது. இதுவரை வந்த மந்திரிகள் எல்லாம் தங்கள் சனியை இங்கே இறக்கி வைத்துவிட்டுப் போனதுதான் எங்கள் கடற்கரையில் தங்கிவிட்டதோ என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

சரி, எல்லாரையும் ஏசியாகிவிட்டது. எங்கள் தப்பை யார் பேசுவது?

இழுவைமடி. கடலின் அடித்தரையைச் சுரண்டிக்கொண்டு வரும் வலை. பெரிய மீன், குஞ்சு, முட்டை, சிப்பி, பாசி, எதையும் விடாது. எங்கள் பக்கத்துக் கடலை அப்படித்தான் நாங்களே வழித்துத் தீர்த்தோம். தீர்ந்த பிறகுதான் அந்தப் பக்கம் போனோம். அந்தப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? சிங்களக் கடற்படை இருக்கிறது, சரி. அதற்கு முன்னால், சின்னப் படகில், சாதாரண வலையோடு யாழ்ப்பாணத்துத் தமிழன் இருக்கிறான். போர்க் காலம் முழுக்கக் கடலுக்கே போகக் கூடாது என்று அவனை அடைத்து வைத்திருந்தார்கள். போர் முடிந்து, கடன் வாங்கி, வலை வாங்கி, இரவில் விரித்துவிட்டு விடிந்து போய்ப் பார்த்தால் வலை இல்லை; நம் விசைப்படகு இழுத்துக்கொண்டு போயிருக்கும். தொப்புள்கொடி உறவு என்று மேடையில் முழங்குகிறோமே, அந்தக் கொடியை அறுப்பது நம்முடைய மடிதான். இலங்கை 2017-ல் இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடுத்தது. அதைக் கேட்டுப் போராடியவர்களில் முதல் வரிசையில் நின்றது வடக்கின் தமிழ் மீனவர்கள்தான். இதை எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துக் கூட்டத்தில் சொன்னால் எனக்கு நாற்காலி கிடைக்காது. கிடைக்காவிட்டால் போகட்டும், நின்றுகொண்டே சொல்கிறேன்.

அதற்காகச் சுடுவது சரியாகிவிடுமா? கோடு தாண்டினவனுக்கு நீதிமன்றம் இருக்கிறது, அபராதம் இருக்கிறது, சிறை இருக்கிறது. துப்பாக்கி எந்த விதியில் வருகிறது? கோடு தாண்டிப் பந்து போட்டால் நோபால் கொடுப்பார்கள், பந்துவீச்சாளரின் காலில் சுட மாட்டார்கள். இதை இரண்டு அரசுக்கும் யாராவது விளக்கப் படம் போட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது.

தீர்வே தெரியாமல் தவிக்கிறோம் என்று யாரும் நடிக்க வேண்டாம். இழுவைப்படகுகளைக் கைவிட்டு ஆழ்கடல் சூரை மீன்பிடிக்குப் போக வேண்டும் என்பது பாக் நீரிணைக் கரையில் எல்லாருக்கும் தெரியும். 2017-ல் ஒன்றிய அரசு திட்டமே போட்டது: மூன்று ஆண்டில் 2,000 படகை மாற்றுவதாக. மூன்று ஆண்டு எப்போதோ முடிந்தது. 2,000 மட்டும் வரவே இல்லை. இலக்கைத் துரத்துவதில் நம் அணி கொழும்பில் ஆடியதையே இது தூக்கிச் சாப்பிட்டுவிடும். மீனவர் பிரச்சினைக்கென்று 2016-ல் இரு நாட்டுக் கூட்டுப் பணிக்குழு அமைத்தார்கள். குழு கூடும், தேநீர் குடிக்கும், மனிதாபிமான அணுகுமுறை என்று எழுதிக் கையெழுத்துப் போடும். 2024 மார்ச் கடைசியில் திடீரென்று பிரதமருக்குக் கச்சத்தீவு நினைவு வந்தது. யார் தாரை வார்த்தார்கள் என்று ஏப்ரல் 19 வரை நாடே பேசியது. அன்று இங்கே வாக்குப்பதிவு முடிந்தது. தீவும் அதோடு மறுபடி தண்ணீருக்குள் போய்விட்டது.

சரக்குக்கும் சுற்றுலாவுக்கும் மட்டும் கடல் திறந்துதான் இருக்கிறது. காரைக்கால் தனியார் துறைமுகத்தை 2023-ல் 1,485 கோடி கொடுத்து அதானி குழுமம் வாங்கியது. அதே குழுமத்துக்குக் கொழும்பிலும் ஒரு சரக்குப் பெட்டக முனையம் உண்டு. நிலக்கரி எந்தத் தடையும் இல்லாமல் போய் வருகிறது, அதை யாரும் மறித்ததில்லை. காங்கேசன்துறைப் பயணிகள் கப்பல் காரைக்காலிலிருந்து விடப்போகிறார்கள் என்று முதலில் ஆசை காட்டினார்கள். கடைசியில் 2023 அக்டோபர் 14-ல் நாகப்பட்டினத்திலிருந்து விட்டார்கள், ஒரு வாரத்துக்குள் நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்ட் 16-ல் மீண்டும் ஓடியது. அதாவது, ஒரு மீனவர் செத்து இரண்டு வாரத்தில், தொடர் தோற்று ஒன்பது நாளில். டிக்கெட் எடுத்தால் நாலு மணி நேரத்தில் இலங்கை. வலை எடுத்தால் எப்போது திரும்புவோம் என்று தெரியாது.

கடைசியாக ஒரு நல்ல செய்தி. 2025 ஏப்ரலில் பிரதமர் கொழும்பு போனார். விருது வாங்கினார். மீனவர் பிரச்சினையையும் பேசினார், பதினொரு பேர் விடுதலையானார்கள், நன்றி. அந்தப் பயணத்தில் 1996-ல் உலகக் கோப்பை ஜெயித்த இலங்கை அணியைச் சந்தித்தார். ஜெயசூரியா, அரவிந்த டி சில்வா, வாஸ் எல்லாரும் வந்திருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு சர்வதேசக் கிரிக்கெட் மைதானம் அமைக்க உதவ வேண்டும் என்று ஜெயசூரியா கேட்டார். நல்ல மனசு, நான் கிண்டல் செய்யவில்லை. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் ஆடட்டும்.

அதே 2025, செப்டம்பர் 1. இலங்கை அதிபர் அனுர குமார திசாநாயக்க யாழ்ப்பாணம் வந்தார். மண்டைதீவில் சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டினார். அன்றைக்கே படகேறிக் கச்சத்தீவுக்கும் போய் இறங்கினார். அந்தத் தீவில் கால் வைத்த முதல் இலங்கை அதிபர் அவர்தான். காலையும் மாலையுமாக ஒரே நாளில் இரண்டு வேலை; ஒன்றுக்குக் கைதட்டினோம், மற்றதற்கு அறிக்கை விட்டோம்.

மண்டைதீவு மைதானம் ஒரு நாள் தயாராகும். இந்திய அணி அங்கே ஒரு சின்ன ஒருநாள் தொடருக்குப் போகும். மைதானத்துக்கும் யாழ்ப்பாணச் சிறைக்கும் ஒரு நீட்டுப்பாலம்தான் தூரம். இந்திய ரசிகர்கள் கொஞ்சம் பேர் கம்பிக்கு உள்ளே ஏற்கெனவே தயாராக இருப்பார்கள். சிக்ஸர் விழுந்தால் சத்தம் அவர்களுக்குக் கேட்கும். டிக்கெட் செலவு இல்லை.

வெளியுறவு அமைச்சகத்துக்கும் உள்துறை அமைச்சகத்துக்கும் கிரிக்கெட் வாரியத்துக்கும் காரைக்காலிலிருந்து ஒரு விண்ணப்பம். அந்தத் தொடருக்கு நாள் குறிக்கும் முன் மயிலிட்டிக்கு ஓர் ஆளை அனுப்பி, அங்கே கிடக்கும் படகுகளை எண்ணி, ஒவ்வொன்றும் யாருடையது, எந்தத் தேதியில் பிடித்தது என்று எழுதி வெளியிடுங்கள். எங்கள் இழுவைமடிகளை விலை கொடுத்து வாங்கிக்கொண்டு ஆழ்கடல் படகு கொடுங்கள். கொடுத்த பிறகும் கோடு தாண்டினால் எங்களைக் கேளுங்கள். யாழ்ப்பாணத்து மீனவர்களையும் எங்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்துப் பேச விடுங்கள். மொழிபெயர்ப்பாளர் செலவு மிச்சம். 2025 ஜனவரி 28 அன்று யார், எந்த உத்தரவின் பேரில் சுட்டார்கள் என்று கேட்டு, கிடைக்கிற பதிலை எங்களுக்கும் சொல்லுங்கள். இவற்றில் ஒன்றும் நடக்காமல் மண்டைதீவில் டாஸ் போடப் போகிற இந்தியத் தலைவர், தயவுசெய்து கையில் எதையும் கட்டிக்கொண்டு வர வேண்டாம். எங்கள் ஊரில் இன்னும் சிலர் அதை நம்பிவிடுவார்கள்.